செத்த காலேஜ் பார்க்கப் போனோம்



சென்னைப் பட்டணத்துப் பழைய பேச்சில் இரண்டு கல்லூரிகள் உண்டு. இரண்டிலும் சேர மதிப்பெண் வேண்டியதில்லை. விலங்குகாட்சிச் சாலைக்கு ‘உயிர் காலேஜ்’ என்று பெயர். 1851ஆம் ஆண்டு தொடங்கி எழும்பூரில் நிலைத்துவிட்ட அரும்பொருளகத்துக்குச் ‘செத்த காலேஜ்’ என்று பெயர். உயிருள்ளவை உலவும் இடம் ஒன்று; உயிர் போனவை அசையாமல் நிற்கும் இடம் மற்றொன்று. படிக்காதவர்கள் வைத்த பெயர் என்று சிலர் சிரிப்பார்கள். இதைவிடச் சுருக்கமாகப் படித்தவர்களாலும் சொல்லியிருக்க முடியாது என்பதே நம் எண்ணம்.

இந்தப் பெயரை எங்களுக்கு நினைவூட்டியவர் புக்கிட் பாத்தோக்கில் எங்கள் புளோக்கில் குடியிருக்கும் ஒரு பெரியவர். வயது எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. இளமையில் சென்னையிலிருந்து வந்து, சிராங்கூன் சாலைப் பக்கத்து அச்சகம் ஒன்றில் எழுத்துக் கோத்தவர். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போகலாம் என்று கீழ்த்தளத்தில் நாங்கள் நாலைந்து குடும்பத்தார் பேசிக்கொண்டிருந்தபோது, “நம்ம பல்கலைக்கழகத்திலேயே செத்த காலேஜ் ஒன்று கட்டியிருக்கிறார்களாமே, அங்கே போவோம். எனக்கு அங்கே ஒரு பழைய சிநேகிதனைப் பார்க்க வேண்டும்” என்றார். சிநேகிதன் யார் என்று கேட்டதற்கு, “நாற்பத்திரண்டு அடி நீளம்” என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்ன இடம், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கெண்ட் ரிட்ஜ் வளாகத்திலுள்ள லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் திறக்கப்பட்டது. கட்டடம் புதிது. உள்ளே இருப்பவற்றின் வயதோ நூறைத் தாண்டும். புக்கிட் பாத்தோக்கிலிருந்து ரயிலேறி, ஜூரோங் கிழக்கில் மாறி, கிளமெண்டியில் இறங்கிப் பேருந்து பிடித்தோம். பெரியவர்கள் ஆறு பேர், பிள்ளைகள் ஏழு பேர். ஏழு பிள்ளைகளையும் எண்ணி எண்ணிக் கூட்டிச் சென்ற பாட்டைத் தனிப் பேச்சாகத்தான் சொல்ல வேண்டும்.

தொலைவிலிருந்து பார்த்தால் அது கட்டடமாகவே தெரியாது. பெரிய பாறை ஒன்றைச் செதுக்கி நிறுத்தியதுபோல ஏழு மாடி உயரத்துக்கு நிற்கிறது. ஒரு பக்கம் பாறை பிளந்து, பிளவில் செடிகொடிகள் தொங்குகின்றன. சன்னல்கள் மிகக் குறைவு. இது அழகுக்காக மட்டும் செய்ததன்று. வெயில் பட்டால் பறவையின் இறகு வெளுக்கும். வண்ணத்துப்பூச்சியின் சிறகு நிறம் போகும். புட்டியிலுள்ள மீன் சாயம் போன துணியைப்போல் ஆகிவிடும். பழம்பொருளைக் காப்பவர்களுக்கு முதல் பகை வெளிச்சம், அடுத்தது ஈரம், மூன்றாவது பூச்சி. சிங்கப்பூரில் இந்த மூன்றுக்கும் என்றைக்குமே பஞ்சமில்லை அன்றோ?

உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் எங்கள் கையை உதறிவிட்டு ஓடினார்கள். நடுக்கூடத்தில் மூன்று டைனோசோர்களின் எலும்புக்கூடுகள் நிற்கின்றன. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் 2007க்கும் 2010க்கும் இடையில் தோண்டி எடுக்கப்பட்டவை. நீண்ட கழுத்தும் அதைவிட நீண்ட வாலும் கொண்ட, இலை தழை தின்னும் இனம். சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவை. மூன்றுக்கும் பிரின்ஸ், அப்பொலோனியா, டுவிங்கி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெரியது 27 மீட்டர், அடுத்தது 24 மீட்டர், குட்டி 12 மீட்டர். சாந்தில் வார்த்த போலிகள் பல அரும்பொருளகங்களில் உண்டு. இங்கே எலும்புகளில் பெரும்பகுதி உண்மையானவை. சிங்கப்பூர் மண்ணில் டைனோசோர் எலும்பு எதுவும் கிடைத்ததில்லை. அப்படியிருக்க இவை எதற்கு என்று வாங்கிய காலத்தில் கேட்டவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்த எலும்பைப் பார்க்க ஓடிய பிள்ளைகள்தான் அடுத்த அறையில் நண்டையும் நத்தையையும் பார்த்தார்கள். கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் சாமிக்காகவா போகிறார்கள்? சிலர் புளியோதரைக்காகவும் போவதுண்டு. போனபின் சாமியையும் கும்பிட்டுவிட்டு வருகிறார்கள்.

பெரியவர் டைனோசோரை ஏறிட்டும் பார்க்கவில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு கூரையையே பார்த்து நடந்தார். “எங்கே என் திமிங்கிலம்?” என்றார். பணியில் இருந்த இளைஞர் ஒருவர் மிகுந்த மரியாதையோடு வேறொரு பக்கம் அழைத்துச் சென்று ஒரு திமிங்கில எலும்புக்கூட்டைக் காட்டினார். பெரியவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, “இது இல்லை. இது வேறு ஆள்” என்றார்.

நேயர்களே, அவர் தேடிய திமிங்கிலத்தின் கதையைச் சொன்னால் இந்த அரும்பொருளகத்தின் கதையையே சொன்னதாகும்.

ஸ்டாம்ஃபோர்ட் சாலையில் குவிமாடத்தோடு நிற்கும் தேசிய அரும்பொருளகத்தை அறியாதவர் இருக்க முடியாது. 1887ஆம் ஆண்டு அந்தக் கட்டடம் திறக்கப்பட்டபோது அதற்கு ராஃபிள்ஸ் நூலகமும் அரும்பொருளகமும் என்று பெயர். மலாய்த் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ, ஜாவா என்று இந்த வட்டாரத்துக் காட்டிலும் கடலிலும் கிடைத்த பறவை, விலங்கு, மீன், பூச்சி அத்தனையும் அங்கே சேர்ந்தன. 1892ஆம் ஆண்டு மலாக்காவுக்கு அருகே கடற்கரையில் ஒரு திமிங்கிலம் ஒதுங்கியது. நீளம் 42 அடி. அதன் எலும்புகளைக் கொண்டுவந்து பூட்டி, 1907ஆம் ஆண்டிலிருந்து கூரையிலிருந்து தொங்கவிட்டார்கள். நீலத் திமிங்கிலம் என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். அது துடுப்புத் திமிங்கில வகை என்பது பின்னால் தெளிந்தது. பெயர் எதுவானால் என்ன, ஞாயிற்றுக்கிழமை வேலை முடக்கம், கையில் காசு முடக்கம் என்று இருந்த இளைஞர்களுக்கு அதுதான் பொழுதுபோக்கு. “தேக்காவில் தேநீர் குடித்துவிட்டு நடந்தே போவோம். தலைக்குமேல் படகைக் கவிழ்த்துத் தொங்கவிட்டதுபோல் இருக்கும். ஊருக்குக் கடிதம் எழுதும்போது அதைத்தான் முதலில் எழுதினேன்” என்றார் பெரியவர்.

1965இல் நாடு தனி நாடானது. புதிய நாட்டுக்கு வீடு வேண்டும், வேலை வேண்டும், தொழிற்சாலை வேண்டும். அரும்பொருளகம் வரலாறு, கலை, மக்கள் பண்பாடு ஆகியவற்றில் கவனம் செலுத்தட்டும் என்று முடிவாயிற்று. அப்படியானால் இந்தப் புலித்தோலும் பாம்புப் புட்டியும் எங்கே போவது? 1972இல் அறிவியல் நிலையத்தின் பொறுப்புக்கு அவை மாற்றப்பட்டன. அறிவியல் நிலையமோ இயந்திரத்தையும் மின்சாரத்தையும் இளைஞர்களுக்குக் காட்டத் தோன்றியது. பழைய எலிகளை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்? ஆராய்ச்சிக்குரிய விலங்குத் தொகுதி, ஏறத்தாழ 1 லட்சத்து 26 ஆயிரம் மாதிரிகள், அன்றைய சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையிடம் வந்து சேர்ந்தது. திமிங்கிலத்தை வைக்க இடமில்லை. 1974இல் அது கோலாலம்பூரிலுள்ள தேசிய அரும்பொருளகத்துக்குக் கொடுக்கப்பட்டது. பிற்காலத்தில் அங்கிருந்து லபுவான் தீவின் கடல்சார் அரும்பொருளகத்துக்குப் போய்விட்டது.

இதை அந்த இளைஞர் சொல்லக் கேட்டுப் பெரியவர் ஒன்றும் பேசவில்லை. பக்கத்திலிருந்த பலகையில் உட்கார்ந்துகொண்டார். “கொடுத்தவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. அன்றைக்கு எங்களுக்கே வீடு இல்லை. திமிங்கிலத்துக்கு எங்கே இடம் பார்ப்பது?” என்றார் கொஞ்ச நேரம் கழித்து. கம்பத்துக் குடிசையிலிருந்து வீடமைப்புக் கழக வீட்டுக்கு வந்த தலைமுறையின் பேச்சு அது. எங்களால் மறுத்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் கொடுத்த பொருள் திரும்பி வரவில்லை என்பதும் உண்மை.

இப்போது அங்கே இருக்கும் திமிங்கிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் ஜூரோங் தீவுக்கு அப்பால் ஒரு பெரிய உடல் மிதந்தது. 10.6 மீட்டர் நீளமுள்ள பெண் விந்துத் திமிங்கிலம். சிங்கப்பூர்க் கடலில் இந்த இனம் பதிவானது அதுவே முதல் தடவை. நாடு பொன்விழாக் கொண்டாடிய ஆண்டு என்பதால் ‘ஜூபி லீ’ என்று பெயரிட்டார்கள். ஆராய்ச்சியாளர்கள் நாள்கணக்கில் நாற்றத்தில் நின்று சதையை அறுத்தெடுத்து, எலும்பைச் சுத்தம் செய்து, 2016 மார்ச்சில் காட்சிக்கு வைத்தார்கள். வயிற்றில் கணவாய்களின் அலகுகள் ஏராளமாக இருந்தன. அவற்றோடு பிளாஸ்டிக் குப்பையும் இருந்தது. முதுகெலும்பில் கப்பல் மோதியதற்கான அடையாளம் இருக்கிறது. பிள்ளைகள் அந்த இடத்தில்தான் நெடுநேரம் நின்றார்கள். டைனோசோரைக் கொன்றது யார் என்று கேட்டால் விண்கல்லைக் காட்டலாம். இதற்கு நாம் எதைக் காட்டுவது?

மாடியில் பழைய அரும்பொருளகத்தின் நினைவாகச் சில பொருள்களை மர அலமாரிகளில் வைத்திருக்கிறார்கள். 1883ஆம் ஆண்டு சிக்லாப் கடலோரத்தில் பிடிபட்ட தோல்முதுகு ஆமை ஒன்று இந்த அரும்பொருளகத்தில் இருக்கிறது. சிக்லாப்பில் இன்று கடலே இல்லை. நிலம் தூர்த்துக் கடலை நெடுந்தூரம் தள்ளிவிட்டார்கள். ஆமை மட்டும் அந்தக் கரைக்குச் சாட்சி. பெரியவரின் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்ததும் இங்கேதான்.

இனி, எங்களோடு வந்த ஒன்பது வயதுப் பையன் கேட்ட கேள்விக்கு வருவோம். புட்டிகள் வரிசையாக இருந்த இடத்தில் நின்று, “தாத்தா, எல்லாம் வெள்ளையாகச் செத்துக் கிடக்கிறதே, இதை ஏன் வைத்திருக்கிறார்கள்? படம் எடுத்து வைத்தால் போதாதா?” என்றான்.

நல்ல கேள்வி. நாம் பார்ப்பது காட்சிக்கு வைத்த இரண்டாயிரம் பொருள்களை மட்டுமே. இந்த அரும்பொருளகம் திறக்கப்பட்ட காலத்தில் அதன் சேகரத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் இருந்தன. பனிப்பாறையின் பெரும்பகுதி நீருக்குள் இருப்பதைப்போல, அரும்பொருளகத்தின் பெரும்பகுதி பொதுமக்கள் போகாத மாடிகளில் இருக்கிறது. அங்கே இழுப்பறைகளில் பறவைகள் மல்லாந்து படுத்திருக்கும். குடலும் சதையும் நீக்கிப் பஞ்சு அடைத்து, காலில் ஒரு சீட்டுக் கட்டியிருப்பார்கள். பூச்சிகள் ஊசியில் குத்தப்பட்டிருக்கும். மீனையும் தவளையையும் முதலில் ஃபார்மலினில் ஊறவைத்து, சதை கெட்டியானதும் எரிசாராயத்துக்கு மாற்றுவார்கள். சாராயம் ஆவியாகிக் குறையும். குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான புட்டிகளுக்கு, ஆண்டு முழுவதும். ஒரு பரம்பரை சோம்பினால் போதும், நூறு வருடத்துச் சேகரம் காய்ந்த கருவாடாகிவிடும்.

புட்டிக்குள் உள்ள உயிரைவிட முக்கியமானது அதனுடன் உள்ள சீட்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் பிடித்தார்கள் என்று அதில் இருக்கும். சாதாரண மையில் எழுதினால் சாராயத்தில் கரைந்துவிடும் என்பதால் கரையாத கறுப்பு மையிலோ பென்சிலிலோ எழுதுவார்கள். சீட்டில்லாத மாதிரி ஊர்பேர் தெரியாத பிணம்தான். அச்சகத்தில் எழுத்துக் கோத்தவருக்கு இதைச் சொல்லவும் வேண்டுமா? கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு சீட்டாக வாசித்தார். “எழுத்து பொடி எழுத்து. ஆனால் பிழையில்லை” என்று ஒரு நற்சான்றும் வழங்கினார்.

ஒரே இனத்தில் ஐம்பது, நூறு என்று எதற்கு வைக்கிறார்கள்? ஒரு சான்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகள் அருகத் தொடங்கின. கூட்டில் முட்டைகள் உடைந்து கிடந்தன. ராட்கிளிஃப் என்ற அறிஞர் பழைய சேகரங்களிலிருந்த முட்டை ஓடுகளையும் புதிய ஓடுகளையும் அளந்து நிறுத்து ஒப்பிட்டு, 1947ஐ ஒட்டி ஓடு மெலியத் தொடங்கியதை 1967இல் வெளியிட்டார். டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி பரவலாகப் புழக்கத்துக்கு வந்த காலம் அது. பறவை முட்டையைச் சேர்த்து வைத்தவர்களில் ஒருவரும் டி.டி.டி.யைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். கேள்வி பிறப்பதற்கு முன்பே விடை இழுப்பறையில் கிடந்தது. படம் எடுத்து வைத்திருந்தால் ஓட்டின் கனத்தை எப்படி அளப்பது? பையனுக்கு இதைச் சொன்னோம். பாதி புரிந்திருக்கும்.

இப்படிப்பட்ட சேகரம் நம் ஊரில் தப்பிப் பிழைத்ததே பெரிய காரியம். 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள், நம் புக்கிட் பாத்தோக்குக்கு அருகே, அப்பர் புக்கிட் தீமா சாலையிலுள்ள ஃபோர்டு தொழிற்சாலையில் ஆங்கிலேயர் ஜப்பானியரிடம் சரணடைந்தார்கள். நகரமெங்கும் கொள்ளை. அந்த நேரத்தில் பூமலையில் பணியாற்றிய கார்னர் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாரும், தனகடாதே என்ற ஜப்பானிய நிலவியல் பேராசிரியரும் சேர்ந்து அரும்பொருளகத்தையும் நூலகத்தையும் காத்தார்கள். பகை நாட்டார் இருவர்! வெளியே என்ன நடந்தது என்பது நம் முன்னோர் அறிந்ததே. சயாம் மரண ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத தமிழர்களின் குடும்பங்கள் இன்றும் நம்மிடையே உண்டு. அந்தக் கொடுமையைப் பறவைத்தோல்களைக் காத்த புண்ணியம் ஈடுகட்டாது. இருந்தாலும் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும் அல்லவா?

போரில் தப்பியது அமைதியில் அழியப் பார்த்தது என்பதுதான் வேடிக்கை. 1972க்குப் பின் அந்த ஒரு லட்சத்துச் சொச்சம் மாதிரிகளும் வீடற்ற குடும்பம்போல் அலைந்தன. புக்கிட் தீமா வளாகத்தில் கொஞ்ச காலம், ஆயர் ராஜா பக்கம் கொஞ்ச காலம், 1980இல் பல்கலைக்கழகங்கள் இணைந்தபோது ஜூரோங்கிலிருந்த நன்யாங் வளாகத்தில் கொஞ்ச காலம், கடைசியாக 1980களின் பிற்பகுதியில் கெண்ட் ரிட்ஜ். ஒவ்வொரு முறையும் கண்ணாடிப் புட்டிகளை மூட்டை கட்டுவதென்றால் என்ன பாடு என்று வீடு மாறியவர்களுக்குத் தெரியும். ஒரு டஜன் தம்ளர் உடையாமல் கொண்டுபோகவே நமக்குப் பழைய செய்தித்தாள் போதுவதில்லை. இந்த அலைச்சல் முழுவதிலும் சேகரத்தோடு கூடவே இருந்தவர் காப்பாளர் திருமதி யாங் சாங் மான். 1972இல் பொறுப்பேற்று, சேகரம் நிலையான இடத்துக்கு வரும் வரை அதைக் கட்டிக்காத்தவர். விலங்கியல் துறைத் தலைவராயிருந்த பேராசிரியர் லாம் துங் ஜின் கெண்ட் ரிட்ஜில் இடம் கிடைக்கத் துணை நின்றார். ஊர்வலமும் மாலையும் இல்லாத வேலை. அவர்கள் ஒரு பத்தாண்டு அலுத்துப்போயிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமிருந்திராது.

1998இல் அது ராஃபிள்ஸ் பல்லுயிர் ஆராய்ச்சி அரும்பொருளகம் என்று புதுப்பெயர் பெற்றது. காட்சிக்கூடம் மிகச் சிறியது. 2009ஆம் ஆண்டு மே மாதம் அரும்பொருளக நாளன்று கதவைத் திறந்துவைத்தார்கள். ஒரே நாளில் 3,000 பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். நமக்கென்று ஓர் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் ஏன் இல்லை என்று செய்தித்தாளில் கடிதங்கள் வந்தன. பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் 1 கோடி வெள்ளி தருவதாக முன்வந்தார். லீ அறநிறுவனம் 2 கோடியே 50 லட்சம் வெள்ளி கொடுத்தது. மொத்தம் 4 கோடியே 60 லட்சம் வெள்ளி திரண்டது. லீ கொங் சியான் யார் என்று இளைய நேயர்களுக்குத் தெரியாதிருக்கலாம். ரப்பரிலும் அன்னாசியிலும் பொருளீட்டி, 1952இல் அறநிறுவனம் தொடங்கி, சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தராக இருந்து, 1967இல் மறைந்தவர். சீனர் தொடங்கிய அறம் என்றாலும் கொடுக்கும்போது இனம் பார்க்காத அறம்.

இவ்வளவும் கேட்ட பிறகு, இதனால் புக்கிட் பாத்தோக்கிலிருக்கும் நமக்கு என்ன என்று யாராவது கேட்கலாம். கேட்க வேண்டும். அதற்கு விடை ஒரு நண்டு.

நம் குன்றின் பெயருக்கு மலாய் மொழியில் இருமல் குன்று என்று பொருள் சொல்வோர் உண்டு. கல்லுடைக்க வெடி வைத்தபோது எழுந்த சத்தம் மலை இருமுவதுபோல் இருந்ததாம். தேங்காயிலிருந்து வந்த பெயர் என்பாரும் உண்டு. கற்சுரங்கம் மூடிய பின் அந்த இடம் 1988இல் இயற்கைப் பூங்காவானது. பக்கத்திலுள்ள குன்று புக்கிட் கோம்பாக். அதற்கும் கிழக்கே புக்கிட் தீமா. 1854இல் வாலஸ் என்ற இயற்கை அறிஞர் சுமார் இரண்டு மாதத்தில் 700 வகை வண்டுகளைத் திரட்டிய காடு அதுதான்.

அந்தப் புக்கிட் தீமாக் காட்டில் சலசலக்கும் சிறு ஓடைகளில் ஒரு நண்டு வாழ்கிறது. முதுகோடு மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்கும். பகலில் கல்லுக்கும் சருகுக்கும் அடியில் ஒளிந்திருக்கும், இரவில் வெளிவரும். கடல் நண்டைப்போல் லட்சக்கணக்கில் முட்டையிட்டு நீரில் விடாது; கொஞ்சமாக இட்டு, தாயின் வயிற்றடியிலேயே குஞ்சாகும் வரை சுமக்கும். 1986ஆம் ஆண்டு பீட்டர் இங் என்ற சிங்கப்பூர் அறிஞர் இது தனி இனம் என்று எழுதி ‘ஜொஹோரா சிங்கப்பூரென்சிஸ்’ என்று பெயரிட்டார். பின்னாளில் இந்த அரும்பொருளகத்தின் தலைவரானவரும் அவரே. தனி இனம் என்று எப்படித் தெரிந்தது? மலாயாவின் மற்ற மலைகளிலிருந்து பழைய சேகரிப்பாளர்கள் கொண்டுவந்த நண்டுகளோடு வைத்துப் பார்த்தால்தானே வேறுபாடு தெரியும்?  புட்டிகள் போயிருந்தால் ஒப்பிட எதுவும் இராது. இந்த நண்டும் ஏதோ ஒரு நண்டாகவே இருந்திருக்கும்.

உலகத்தில் வேறெங்கும் இந்த நண்டு இல்லை. புக்கிட் தீமாவை விட்டால் நம் புக்கிட் பாத்தோக், புக்கிட் கோம்பாக் பக்கத்துச் சில நீரோடைகளில் மட்டுமே கண்டிருக்கிறார்கள். முதலில் கண்டெடுத்த ஓடையில் அது அருகிப் போயிற்று. நீரில் அமிலத்தன்மை கூடியது காரணமாயிருக்கலாம் என்று கருதினார்கள். 2012இல், உலகில் அழிவின் விளிம்பிலுள்ள 100 உயிரினங்களைப் பட்டியலிட்டபோது அதில் இந்த நண்டும் இடம்பெற்றது. அதன்பின் தேசியப் பூங்காக் கழகமும் பல்கலைக்கழகமும் விலங்குத் தோட்டத்தாரும் கூடி, வளர்ப்பு இடத்தில் குஞ்சு பொரிக்கவைத்துப் பெருக்கும் முயற்சியில் இறங்கினார்கள். இத்தனை ஆண்டு பூங்காவில் காலை நடை போகிறோம். காலுக்குப் பத்தடியில் உலகத்திலேயே அரிய பிராணி ஒன்று ஒளிந்திருப்பது எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. டைனோசோரை வயோமிங்கிலிருந்து கப்பலேற்றி வந்து பார்க்கிறோம்; சொந்த ஊர் நண்டைக் கண்ணாடிக்குள் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். வெட்கமாகத்தான் இருந்தது.

போய்விட்டது என்று நினைத்தது திரும்பி வந்ததும் உண்டு. ‘நெப்டியூன் கிண்ணம்’ என்றொரு கடற்பஞ்சு, குழந்தையைக் குளிப்பாட்டும் அளவு பெரியது, 1820களில் சிங்கப்பூர்க் கடலில் கண்டறியப்பட்டது. ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் அளவில்லாமல் வாரிக்கொண்டு போனார்கள். 1908க்குப் பின் உயிரோடு இங்கே காணவில்லை. 2011இல் செயின்ட் ஜான்ஸ் தீவுக்கு அருகே முக்குளித்தவர்கள் உயிருள்ள ஒன்றைக் கண்டார்கள். அடையாளம் சொல்லப் பழைய மாதிரிகளும் குறிப்புகளும் இருந்தன.

போக நினைக்கும் நேயர்களுக்கு ஒரு சொல். முன்கூட்டி நேரமும் நுழைவுச்சீட்டும் விசாரித்துக்கொண்டு போங்கள். சிறு பிள்ளைகளுக்கு மேல்சட்டை எடுத்துச் செல்லுங்கள், குளிர் அதிகம். டைனோசோர் கூடத்தில் அரைமணிக்கு மேல் நிற்க விடாதீர்கள். ஓடுடைய பிராணிகள் இருக்கும் பகுதிக்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

மாலையில் வீடு திரும்பினோம். ரயிலில் பெரியவர் கண்ணயர்ந்துவிட்டார். மறுநாள் காலை கீழ்த்தளத்தில் பார்த்தால், அந்த ஒன்பது வயதுப் பையன் விளக்கடியில் செத்துக் கிடந்த கொம்பு வண்டு ஒன்றைத் தீப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டு தாத்தாவின் முன் உட்கார்ந்திருந்தான். சீட்டும் எழுதியிருந்தான்: வண்டு, பெரியது, கறுப்பு, என் பெயர். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாசித்தார். “தம்பி, பேனாவால் எழுதாதே, பென்சில் எடுத்துவா. தேதி எங்கே? எந்த புளோக், எந்தத் தூணடி, அதெல்லாம் எங்கே?” என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். பையன் பென்சில் எடுக்க மாடிக்கு ஓடினான்.